கொச்சித் தொப்பியும் தூத்துக்குடித் தொப்பியும்

1953 ஏப்ரல் 6, திங்கள். குளச்சல்

ஈஸ்டர் பலகாரம் இன்னும் தீரவில்லை, அதற்குள் முதலாளி அப்துல் ரசாக் ஆள் அனுப்பிவிட்டார். துறைக்கு வெளியே முழுகிய அவருடைய மோட்டார் படகின் இஞ்சினை மழைக்கு முன் எடுக்க வேண்டும். "ஜேசுதாஸே, முங்குற உடுப்பு எங்க வாடகைக்குக் கிடைச்சாலும் எடுத்துக்க" என்றார். பித்தளைத் தொப்பி, ரப்பர் சட்டை, காற்றுக் குழாய், பம்பு - அவருக்கு இதெல்லாம் ஏதோ மழைக்கோட்டு என்று நினைப்பு.

கூட குமாரதாஸ் வருகிறான், என் மனைவி நேசம்மாளின் அண்ணன். எங்கள் கடற்கரையில் முங்குகிறவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்ற நம்பிக்கை. இவனோ இடுப்பு வேட்டியையே ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவன்.

ஏப்ரல் 11. தூத்துக்குடி

சுயம்பு என்பவரின் கிடங்கு. தொப்பியில் பச்சைக் களிம்பு, சட்டையில் பதினோரு ஒட்டு. பிச்சைக்காரன்கூட வேண்டாம் என்பான். அந்த மனிதர் பேச்சையே காணோம். தானே அதை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, ஒரு பீடி குடிக்கும் நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறினார். கயிறு பிடித்தவன் அவர் மச்சினன். குமாரதாஸுக்கு வாயெல்லாம் பல். எனக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

ஏப்ரல் 15. கொச்சி

யுத்தத்தில் மிஞ்சிய சாமான் விற்கும் கடை. தொப்பி பளபளவென்று மின்னுகிறது. அதில் எது முன்பக்கம் என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை, வாய் மட்டும் ஓயவில்லை. போகட்டும், தெரிய வேண்டியது எனக்கல்லவா? இதே துறைமுகத்தில் மூன்று வருடம் முங்கியவன் நான்.

குமாரதாஸ் குழாயை மடக்கி மடக்கி மோந்து பார்த்தான், மீன் வாங்க வந்தவன் மாதிரி.

"மாப்ளே, ரப்பரு வெயிலு கொண்டிருக்கு. மடக்குன எடத்துல வெடிப்பு தெரியுது பாரு."

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். கொச்சி உடுப்பையே எடுத்தேன்.

ஏப்ரல் 19. குளச்சல்

"அத இட்டுக்கிட்டு எறங்குனா நான் கயிறு பிடிக்கமாட்டேன்" என்கிறான் குமாரதாஸ். கரையில் வேறு எவனும் தொடமாட்டானாம், மச்சினன் விட்ட கயிறாம். நேசம்மாள் ஒரே அழுகை. சீ, என்ன ஜனங்களோ. இந்த உடுப்பைப் பற்றி ஒருவனுக்காவது ஏதாவது தெரியுமா?

ஏப்ரல் 20

எல்லார் முன்னாலும் அவன் மூக்கை அறுக்கலாம் என்று, கடற்கரையில் வைத்துக் குழாயின் நுனியை அடைத்துப் பம்பை அடிக்கச் சொன்னேன். நாலாவது அடியில் வெடித்தது. அவன் மடக்கிக் காட்டிய அதே இடம்.

அவன் வெடித்த குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மே 12

சுயம்புவின் பதினோரு ஒட்டுச் சட்டையில் எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி, ஆழம் இறங்கினேன். இஞ்சின் மேலே வந்துவிட்டது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றை இழுத்துச் சுகமா என்று கேள் என்றால், மடையன், நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தான். வேலை செய்யவே விடவில்லை. ஏறிவந்து தொப்பியைக் கழற்றியதும் திட்ட வாயெடுத்தேன். வேட்டி எப்போதோ அவிழ்ந்து காலடியில் கிடக்க, வள்ளத்தில் ஏழு பேர் முன்னால் கோவணத்தோடு நின்றுகொண்டிருந்தான். வேட்டியை எடுத்துக் கட்ட ஒரு கையாவது வேண்டுமே. இரண்டும் இன்னும் கயிற்றில்தான் இருந்தன.

"மச்சான், நான் வந்தாச்சு. விடுங்க" என்றேன். குனிந்து எடுத்து நானே கட்டிவிட்டேன்.