பெரியப்பாவின் வலது கால்

அன்பு மகளுக்கு,

நான் இங்கே நலம். என் முட்டி வலி என்னைவிட நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி பாட்டியாகிவிட்டாள், தரையில் கால் பாவவில்லை. முதலில் எழுத வேண்டியது வேறு. உன் பெரியப்பா எங்கள் மருத்துவமனைக்கு வந்தார், நான் கட்டுப் போடும் அறைக்கே. சர்க்கரைப் புண். வலது கால், பெருவிரலுக்குக் கீழே, சட்டைப் பொத்தானைவிடப் பெரிய குழி. உன் அப்பா இறந்த மறுமாதம் உன் பெட்டியை உதைத்துத் தெருவில் தள்ளிய அதே கால். "பொட்டப் புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது, இனி என் வாசப்படிய மிதிக்காதீங்க" என்று அவர் சொன்னது உனக்கு மறந்திருக்காது. அந்தக் கால் இப்போது என் எதிரே, முக்காலி மேல்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். தெரிந்தே தவறு செய்தேன். புண் காயாமல் ஈரம் காக்கும் பட்டியை டாக்டர் எழுதியிருந்தார். நான் வெறும் உலர்ந்த துணியை வைத்துக் கட்டினேன். அது சதையோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது உயிர் போகும். மூன்றாம் நாள் வந்தார். உப்புநீரில் நனைக்காமல் ஒரே இழுப்பு. அலறலுக்காகக் காத்திருந்தேன். அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தபடி, "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்றார். சர்க்கரையால் உணர்ச்சியே செத்துப்போன கால். துணியோடு புதுச் சதை வந்திருந்தது. டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "இன்னொரு தடவை இப்படின்னா உங்க கைல கத்தரிக்கோல் இருக்காது சிஸ்டர்" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. வழியை மாற்றிக்கொண்டேன். கால்தான் மரத்திருக்கிறது, காது மரக்கவில்லை. வாரம் மூன்று நாள், கழுவி, ஓரத்துத் தடித்த தோலைச் செதுக்கி, சரியான பட்டி வைத்துச் சுற்றி முடிக்கும் வரை உன் புராணம்தான். நீ இன்ஜினீயராக இருக்கும் ஊரில் உன் கையெழுத்து இல்லாமல் ஒரு பாலமும் திறக்காது என்றேன். உனக்குக் கீழே பதினொரு ஆண்கள் என்றேன். ஒன்பதுதான், இரண்டு நான் சேர்த்தது. அவர் எழுந்து போக முடியாது, கால் என் கையில். "தரைய மிதிக்காதீங்க, மிதிச்சா எந்த மருந்தும் வேலைக்காகாது" என்று உத்தரவு வேறு. சொல்லும்போது எவ்வளவு இனித்தது தெரியுமா.

புண் இப்போது மிளகளவு. நேற்று கட்டு முடிந்தும் அவர் எழவில்லை. "பொண்ணு என்னைப் பத்தி ஏதாவது கேக்குதா?" என்றார். இதுவரைக்கும் இல்லை என்றேன். முதல் முறையாக அந்த முகத்தில் வலியைப் பார்த்தேன்.

நீ நிமிர்ந்து வாழ வேண்டும், நீண்ட நாள் வாழ வேண்டும். அவர் இரத்தம்தான் உனக்கும். வருஷம் ஒரு தடவை சர்க்கரை பார், உள்ளங்காலைக் கண்ணாடியில் பார். பதிலில் எல்லாம் எழுது. அவர் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே. வியாழக்கிழமை வருவார், திரும்பக் கேட்பார். 'இல்லை' என்ற அந்தப் பதிலை மட்டும் பொய்யாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் ஆசி முழுவதும் உனக்கே,
உன் அம்மா