பாட்டிலின் அடியில் மருந்து

மன்னவனூர்
11-12-1963

மதீனா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. உங்கள் கடையில் வாங்கிவந்த இருமல் மருந்தைக் குடித்த பிள்ளைகள் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறார்கள். எழுப்பினால் கண் செருகுகிறது. என் வள்ளியும் அப்படித்தான் கிடக்கிறாள். "நர்ஸம்மா, என்னத்தக் குடுத்தீங்க?" என்று ஊரே வாசலில் நிற்கிறது. மருந்தை நிறுத்திவிட்டேன். பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்களா? இந்தக் கடிதத்தைக் கிழங்கு லாரியில் கொடுத்தனுப்புகிறேன். வெரசா பதில் வேண்டும்.

லீலா

786
கொடைக்கானல் பஜார்
11-12-1963

என் தங்கை லீலாவுக்கு,

உன் கடிதம் படித்தேன். வள்ளி முழிக்காவிட்டால் இதே லாரியில் ஏற்றிவிடு, இங்கே ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சரக்கு புதுசுதான், அல்லா சாட்சி. "வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான், உன் சோலியப் பாரு" என்கிறார் உன் மச்சான். என்னால் முடியுமா? பழனியில் கடை வைத்திருக்கும் தம்பி பாவாவுக்கு டிரங்க் கால் போட்டேன். அங்கே இதே மருந்துதான், ஒரு குறையும் இல்லையாம். பிறகு வெட்கத்தை விட்டு எதிர்க்கடை தண்டாயுதபாணியிடமே போய்க் கேட்டேன். மேல்மலைப் போளூரிலிருந்து அவருக்கும் இதே புகார், மனுஷன் அமுக்கி வைத்திருக்கிறார்! கீழே நல்லது, மேலே குளிரில் மட்டும் இப்படி. அங்கே யாருக்கு மயக்கம், யாருக்கு இல்லை, எப்படிக் கொடுத்தார்கள்? விசாரித்து எழுது.

மதீனா பீவி

மன்னவனூர்
12-12-1963

அன்புள்ள அக்கா,

வெள்ளனே வள்ளி எழுந்து பால் கேட்டாள். நான் அழுதுவிட்டேன். மற்றப் பிள்ளைகளும் தெளிந்துவிட்டார்கள்.

வீடு வீடாகக் கேட்டேன். இங்கே ஒரு பாட்டில் வாங்கினால் தெருவே கைமாற்றிக் குடிக்கும். முதலில் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கடைசியாகப் பாட்டில் போன வீடுகளில்தான் மயக்கம். மலைச்சாமி வீட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி வண்டல். வெந்நீரில் வைத்துக் குலுக்கினேன், கரைந்துபோனது. குளிரில் மருந்தெல்லாம் கீழே இறங்கி, கடைசியாகக் குடித்தவர்களுக்கு மொத்தமாகப் போயிருக்கிறது அக்கா. ஊருக்குக் கொடுத்து மிஞ்சியதைத்தானே நான் வள்ளிக்கு வைப்பேன்! பழைய சரக்கு என்று கேட்டதற்கு என்னை மன்னியுங்கள்.

உங்கள் லீலா

786
கொடைக்கானல்
14-12-1963

அன்புத் தங்கை லீலாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். இப்போதுதான் சோறு இறங்குகிறது. டாக்டரும் நீ சொன்னதையே சொன்னார். உன் மச்சானும் தண்டாயுதபாணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மேல்மலைக்கு விற்ற பாட்டில்களைத் திருப்பி வாங்க ஆள் அனுப்புகிறார்கள். பெருமாள்மலைக் கடைகளுக்கும் சொல்லியாகிவிட்டது. மதராஸ் கம்பெனிக்கு இரண்டு கடையும் சேர்ந்தே எழுதினோம்.

நீ கேட்டது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் மன்னிப்பெல்லாம் வேண்டாம். உன் முதல் கடிதம் வந்ததும், உன் மச்சான் தொழுகைக்குப் போகும்வரை காத்திருந்து, குடோனில் ஒவ்வொரு பெட்டியாக நானே தேதி பார்த்தேன். நீ மன்னிப்புக் கேட்டால், நானும் அவரிடம் கேட்க வேண்டி வரும்.

மதீனா அக்கா