காற்றுக் குழாயில் நான் வைத்த மண்

டாக்டரம்மா,

போன வாரம் அக்கா மகனுடைய காரில் சிதம்பரம் கிளம்பினோம். ஊரைத் தாண்டுவதற்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினான். குழாயை வைத்து அழுத்தியதும் அது டக்கென்று நின்றுவிட்டது. பங்க்கில் இருந்த பெண் மறுபடி அழுத்தினாள், மறுபடி நின்றது. "டேங்க்கு ஃபுல்லா இருக்குதா சார்?" என்று கேட்டாள். முள் அடியில் கிடக்கிறது என்றான் இவன். இப்படியே அழுத்துவதும் நிற்பதுமாக இருந்ததில் கொஞ்சம் பெட்ரோல் பொங்கிக் காரின் பக்கவாட்டில் வழிந்தது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். வாசனை நேராக என் மூக்குக்கு வந்தது.

"உள்ள இருக்கிற காத்து வெளிய போவ ஒரு குழா இருக்கும் தம்பி. அது அடைச்சிருந்தாத்தான் இப்பிடித் துப்பும். குளவி கூடு கட்டியிருக்குதான்னு பாரு" என்றேன். இந்தக் கிழவிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோல இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எப்படித் தெரியும் என்று அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. பெட்ரோல் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு முதலில் வருவது வெட்கம். அதற்குப் பிறகுதான் உங்கள் முகம் வரும்.

நீங்கள் விருத்தாசலத்துக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். ஜங்ஷன் சாலையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்துப் பலகை மாட்டினீர்கள். பெண் டாக்டர் என்பதே ஊருக்குப் புதிது. அவரே கார் ஓட்டுகிறார் என்பது அதைவிடப் புதிது. உங்கள் அப்பா வைத்திருந்த பழைய கருப்புக் கார் அது. நீங்கள் கியர் மாற்றுவதைப் பார்க்கவே டீக்கடையில் ஆட்கள் எழுந்து நிற்பார்கள்.

நான் பீங்கான் கம்பெனித் தெருக்காரி. அப்பாவுக்குச் சூளையில் வேலை. நர்ஸ் படிப்பு முடித்து உங்களிடம் வேலைக்கு வந்தபோது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "உன்னப் பத்தி ஒரு பேச்சு எங் காதுல வுழுந்துச்சுன்னா, அன்னியோட வூட்ல குந்திக்க." சொன்னால் செய்கிற ஆள் அவர். அது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் தெருவில் எதில் ஓட்டை விழுந்தாலும் மருந்து ஒன்றுதான். கம்பெனி வெள்ளை மண். கூரைத் தகரம் ஒழுகினால் மண், எலி வளைக்கு மண், குடம் கசிந்தால் அதற்கும் மண். சூளைக்குள் சாமான் அடுக்கி முடித்ததும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசுவதுதான் அப்பாவின் வேலை. நாள் முழுக்க அங்கே அடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அடைப்பதற்கு எதையாவது தேடுவார். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்.

கேஸ் பார்க்கக் கிராமங்களுக்குப் போகும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில் உட்காருவேன். மேடும் பள்ளமுமான சாலை. டேங்க் நிறைந்திருக்கும் நாட்களில் பின்னாலிருந்து பெட்ரோல் வாசனை குப்பென்று வரும். கருவேப்பிலங்குறிச்சி போகும் வழியில் ஒரு நாள் தாங்க முடியாமல் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துவிட்டேன். நீங்கள் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் கொடுத்தீர்கள். "கர்ப்பிணியப் பாக்கப் போற நர்ஸே இப்படி வாந்தி எடுத்தா, பாக்கிறவங்க என்னம்மா நினைப்பாங்க?" என்று சிரித்தீர்கள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். கல்யாணம் ஆகாத நானோ அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டேன். சாலையோரம் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நீங்கள் உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டிக்கியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு மெல்லிய குழாயின் வாய் திறந்து கிடந்தது. வாசனை அதிலிருந்துதான் வந்தது. திறந்து கிடந்தால் அடைக்க வேண்டியதுதானே. வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்த வெள்ளை மண்ணை உருட்டி உள்ளே திணித்து, கட்டைவிரலால் அழுத்தி வழித்துவிட்டேன். வெயில் சூட்டில் அது கல்லாகக் காய்ந்துபோனது. அதற்குப் பிறகு வாசனை இல்லை. "வண்டில இப்பல்லாம் நாத்தமே இல்லையே" என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமையெல்லாம் அடுத்து பங்க்குக்குப் போகிற வரைக்கும்தான். குழாயைத் திறந்ததும் டேங்க்குக்குள் களக் களக் என்று சத்தம். பெட்ரோல் வாய்வரை பொங்கி வந்து உங்கள் வெள்ளைப் புடவையில் கொட்டியது. பங்க்காரர் நீங்கள் வண்டியை நிறுத்திய விதத்தைக் குறை சொன்னார். "மேட்டுல நிறுத்தினா இப்பிடித்தாங்க. ஆம்பளை யாராச்சும் வந்து நிறுத்தச் சொல்லுங்க." நீங்கள் வண்டியைத் திருப்பிப் பள்ளத்தில் நிறுத்தினீர்கள். அப்போதும் துப்பியது. சமதரையில் நிறுத்தினீர்கள், அப்போதும்தான். வேறு பங்க்குக்குப் போனோம், அங்கேயும் அதே கதை. கடைசியில் தகர டின்னில் வாங்கி, புனல் வைத்து, குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டியதாயிற்று.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைத் திட்டியிருப்பார்கள். நீங்கள் அதையும் ஒரு கேஸாக எடுத்துக்கொண்டீர்கள். எப்போது ஆரம்பித்தது, வேகமாக ஊற்றினால் எப்படி, மெதுவாக ஊற்றினால் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். மூடியை மாற்றினீர்கள். டேங்க் நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்தீர்கள். ஒரு நாள் புனலைக் கையில் பிடித்தபடியே, "மெதுவா ஊத்தினா ஏத்துக்குது. அப்படின்னா உள்ள போற வழி நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற காத்து வெளியே வர்ற வழிலதான் ஏதோ கோளாறு" என்றீர்கள்.

அதுவரை எனக்கு உண்மையிலேயே உறைக்கவில்லை, டாக்டரம்மா. பெட்ரோல் ஊற்றுகிற இடம் ஒரு பக்கம், நான் அடைத்த குழாய் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உறவு இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. நீங்கள் அப்படிச் சொன்னதும்தான் நான் திணித்த மண் ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. இரவோடு இரவாக நோண்டி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் நீங்கள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விட்டீர்கள்.

அன்றைக்குச் சந்தை நாள். மெக்கானிக் கடை வாசலில் நல்ல கூட்டம். அவர் கம்பியை விட்டு நெம்பினார். வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, சுட்டெடுத்த பீங்கான் மாதிரி அது வெளியே வந்தது. முனையில் கட்டைவிரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. "வெள்ள மண்ணு. கம்பெனித் தெரு ஆளுங்க வேலையாட்டம் இருக்குதே. யாரும்மா இத வச்சது?" என்று கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

நீங்கள் அந்தத் தடத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நான்தாங்க வச்சேன். வாசனை தாங்கல. வச்சதையே மறந்துட்டேன்" என்றீர்கள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திரும்பி வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்கப்பா காதுக்குப் போனா உன்னை வீட்ல உக்கார வச்சிடுவார். எனக்கு அப்படி என்ன போயிடப் போகுது? நாலு நாள் சிரிப்பாங்க, விட்டுடுவாங்க" என்றீர்கள். அதோடு பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாலு நாள் சிரித்தார்கள், உண்மைதான். ஐந்தாம் நாள் யோசிக்க ஆரம்பித்தார்கள். "தான் வச்ச மண்ணையே மறந்துட்டு ஊரெல்லாம் தேடுன அம்மா, வயித்தக் கிழிச்சுட்டுக் கத்திரிக்கோல உள்ள வச்சு மறந்துட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" இதை முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன். திண்டாட்டம் என்னவென்றால், பேச்சு நியாயமாகவே இருந்தது. உங்களைத் தெரியாதவளாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாசல் பெஞ்சில் ஆட்கள் குறைந்தார்கள். பிரசவத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் வரவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி எடுத்ததும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று அவள் மாமியாரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். அவர்கள் வந்தார்கள். நம் வாசலைக் கடந்து, பஸ்ஸில் கடலூருக்குப் போனார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. பிறகு ஒரு நாள் அந்த மாமியார் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதாள். "வண்டி சமாச்சாரத்தக் கேட்டுப் பயந்துட்டோம்மா. பாவி நாங்க, நேரா உங்ககிட்ட வந்திருக்கணும்."

"தண்ணி குடிங்க" என்றீர்கள். டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். பாவி யார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவை நினைத்துப் பயந்தேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து என்ன கேட்பாள் என்ற பயம்தான் மீதி. அன்றைக்கு நீங்கள் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கக்கூட இல்லை.

அடுத்து மங்கலம்பேட்டையில் ஒரு கடைக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மருமகளுக்கு முந்தின நாளே வலி எடுத்துவிட்டதாம். டாக்டர் வேண்டாம், நர்ஸ் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டு உங்கள் முகம் ஒரு நொடி சுருங்கியது. "போயிட்டு வா. மோசமா இருந்தா ஆளனுப்பு" என்றீர்கள். போய்ப் பார்த்தேன். என்னால் ஆகிற காரியம் இல்லை என்று கை வைத்ததும் தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். அந்தப் பெண்ணின் மாமியார் தலையை ஆட்டினார். "வேணாம்மா. மறதி உள்ள கை."

கருவேப்பிலங்குறிச்சி அம்மாள் அழுதது என் காதுக்குள் கேட்டது. "மறதியெல்லாம் இல்லீங்க. அந்த மண்ண வச்சது நான்தான். எங்கப்பாவுக்குப் பயந்து சொல்லல. அவங்க என்னக் காப்பாத்தத் தம்மேல போட்டுக்கிட்டாங்க" என்று கொட்டிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல புள்ளம்மா நீ. எசமானிக்காகப் பழிய எந் தலையில போடுங்கங்குற. ஒரு நர்ஸு இப்பிடித் துடிக்குதுன்னா அந்தம்மா நல்ல மனசுக்காரங்களாத்தான் இருக்கணும். வரச் சொல்லு." இல்லை, உண்மையிலேயே நான்தான் என்று மறுபடி சொன்னேன். அவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். நீங்கள் வந்தீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து கிளம்பிய கதை வட்டாரம் முழுக்கச் சுற்றியது. பெஞ்சு பழையபடி நிறைந்தது. அப்பாவின் காதுக்கும் போனது. அவர் கோபப்படுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். "எம் பொண்ணு மண்ணு வச்சிருந்தா காத்துக்கு ஒரு வழி வுட்டுல்ல வச்சிருக்கும். சூளக்காரன் புள்ளைக்கு அதுகூடத் தெரியாதா? டாக்டரம்மாவுக்காகச் சொல்லுது" என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இவ்வளவு விசுவாசமான பெண் குடும்பத்துக்கு நல்லது என்றார்கள். என் வீட்டுக்காரரிடம் கல்யாணமான புதிதிலேயே உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உங்களிடம் வந்து புலம்பினேன். கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தீர்கள். "நான் பொய் சொன்னேன், நம்பினாங்க. நீ நிஜத்தச் சொன்ன, நம்ப மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது? விடு, அடுத்த ஆள உள்ள அனுப்பு." ஆனால் கருவேப்பிலங்குறிச்சிக் குழந்தையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசி வரைக்கும் பேசவில்லை. உங்களுக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, என்னைத் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி இடம்விட்டார்கள். "இவங்கதான் அந்த நர்ஸு. அம்மாவுக்காகப் பழிய ஏத்துக்கிட்டவங்க" என்று யாரோ மெட்ராஸிலிருந்து வந்தவர்களிடம் சொன்னார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "இல்லீங்க. நெஜமாவே நான்தான் வச்சேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கூட்டம் இன்னும் அதிகமாக அழுதது. ஒரு பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு இன்னும் என் காலில் இருக்கிறது, டாக்டரம்மா. நான் அடைத்த குழாயால் ஒரு குழந்தை போனது என்று சொன்னால் நம்புவதற்கு இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். இப்போது நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உங்கள்
அஞ்சலை