வாடிப்பட்டிப் படத்தில் இல்லாத கோடு

செவ்வாய்க்கிழமை, இரவு

வாடிப்பட்டிப் பக்கம் எவ்வளவு வயல் மனையாகியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைந்த வரைபடத்தை இன்று மேலாளரிடம் காட்டினேன். பூமிக்கடியில் நிலநடுக்கப் பிளவு ஓடும் இடத்தைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தேன். புது மனைகள் வரிசையாக அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

"அந்தக் கோட்டை எடுத்துரும்மா. நம்மகிட்ட கேட்டது மனை விவரம் மட்டுந்தான். சும்மா சனத்தைப் பயங்காட்டாத."

வாதாடிப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஒரு கிளிக்தான்.

சாயங்காலம் கிளம்பும்போது என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "அங்கன நமக்கும் ஒரு பிளாட்டு இருக்கும்மா. வாஸ்து பாத்துத்தான் வாங்குனேன். பழைய படத்தைத் தொற, கோட்டுக்கு எம்புட்டுத் தூரம்னு பாப்போம்."

திறந்தேன். கோடு அவர் மனையைத் தொடவில்லை. அடுத்த தெரு வழியாகப் போனது. "மீனாட்சி காப்பாத்திட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரி, மூடிரு."

மூடினேன். அந்த அடுத்த தெருவில் வீடு கட்டப்போகிறவர்கள் கோடில்லாத படத்தைத்தான் பார்ப்பார்கள். அதன் மூலையில், தயாரித்தவர் என்ற இடத்தில், என் பெயர் இருக்கிறது. அதை மட்டும் அவர் எடுக்கச் சொல்லவில்லை.