அம்மா பேசிவிட்டாள்

அன்பு மகளுக்கு,

உன் தம்பி விபத்தில் போன நாளிலிருந்து அம்மா வாய் திறக்கவில்லை. துக்கத்தைப் பேச வைத்தால் மனம் இளகும் என்று உன் மனோதத்துவப் பாடத்தைப் பார்த்து எழுதியிருந்தாய். நம் குவார்ட்டர்ஸ் பிளாக் கோயிலில் உபநிடதம் சொன்னவரோ, உள்ளே இருப்பது யாரென்று தேடினால் ஆனந்தம் கிடைக்கும் என்றார். தேடினேன். பத்தாவது பெயிலான கிரேன் ஆபரேட்டர் ஒருவன்தான் இருந்தான். அவனும் ஷிப்ட் முடிந்து களைத்திருந்தான்.

ஆகவே நேற்று உன் வழிக்கு வந்தேன். "புள்ளையப் பத்தி ஏதாவது சொல்லு" என்றேன்.

"பலாப்பழத்துக்காக மழையில அவனப் பண்ருட்டிக்கு வண்டியில அனுப்பாதீங்கன்னு சொன்னேனே" என்றாள்.

பிறகு அழுதாள், சோறும் சாப்பிட்டாள். உன் படிப்பு பலித்துவிட்டது. இப்போது எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா