கூரையில் சீமாட்டி

கடலோர விமானப்படைத் தளம்
(ஊர்ப் பெயர் எழுதக்கூடாது. எழுதினால் அதிகாரி கத்தரித்துவிடுவார்.)
ஜனவரி 11, 1942

அன்புள்ள ஐடாவுக்கு,

செப் எழுதுவது. எந்த செப் என்று கேட்காதே. கல்யாண நாளிலிருந்து உன் தூக்கத்தைக் குறட்டையால் கெடுத்தவன்.

இங்கே முகம் கழுவ வேண்டுமென்றால் வாளியை முதலில் பூட்ஸ் காலால் உதைக்க வேண்டும். பனிக்கட்டி உடைந்தால் தண்ணீர், உடையாவிட்டால் அழுக்கு முகம். தகரக் கொட்டகைக்கு நடுவில் ஒரே அடுப்பு. அதன் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்பதில் ஜெர்மானியரோடு நடப்பதைவிடப் பெரிய சண்டை. எனக்குக் கிடைத்தது கதவோரம். நான் புறாக்களைப் பார்த்துக்கொள்கிறவன், அந்த நாற்றம் தாங்கவில்லையாம். நேற்று ஓடுபாதையில் பனி மூடிவிட்டது. சமையல்காரனிலிருந்து சம்பளக் குமாஸ்தா வரை எல்லோர் கையிலும் மண்வெட்டி. வாரி முடித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி கொட்டுகிறது. சாப்பாட்டுக்கு முட்டைத்தூளில் ஒரு மஞ்சள் பண்டம் தருகிறார்கள். பூட்ஸ் அடி தேய்ந்தால் அதை வைத்துத் தைக்கலாம்.

நீர்மூழ்கிகளைத் தேடி நம் விமானங்கள் நாள் முழுக்கக் கடல்மேல் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இரண்டு புறா. கடலில் விழுந்து ரேடியோவும் நனைந்துபோனால், விழுந்த இடத்தை எழுதிப் புறாவின் காலில் கட்டிவிடுவார்கள். எம்லின் என்று ஒரு ரேடியோக்காரன், வேல்ஸ் பக்கத்துப் பிள்ளை. பெட்டி வாங்க வரும்போதெல்லாம் வம்புதான்.

"என்ன பெருசு, இன்னிக்கு எந்தப் பொண்ண என்கூட அனுப்பற?"

"உன் மூஞ்சிக்குப் புறாவே அதிகம்டா!"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பிறந்த குஞ்சுகள் இந்தக் கூண்டுக்குத் திரும்பும். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அப்படியில்லை. நம் பெண்புறா சீமாட்டிக்கு இங்கே எத்தனை மாதம் தீனி போட்டாலும், கடலில் பறக்கவிட்டால் நம் கொல்லைக்குத்தான் வருவாள். அதனால் நம் கூண்டுக் கதவை மட்டும் திறந்து வை. காலையில் ஒரு தடவை எட்டிப் பார். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் பழைய பூட்ஸ்,
செப்


ஜனவரி 17, 1942

செப்புக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். கூண்டுக் கதவுக்கு ஆணி அடித்தாயிற்று. நீங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிய அன்றே அடித்தேன். திறக்கமாட்டேன்.

ராபி கடலில் விழுந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். அவன் விமானத்திலும் இரண்டு புறா இருந்ததாம். எது வந்தது? ஒரு இறகாவது வந்ததா? அழுத கண்ணீர் காயும் முன்னே, அவன் கையால் தீனி தின்று வளர்ந்த சீமாட்டியை அதே கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். என்னை அவன் நாற்காலியோடு இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனீர்கள்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. குளிர் இருக்கிறது, முட்டைத்தூள் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. உங்கள் பிள்ளை பெயர் ஒன்றில்கூட இல்லை. அதை எழுத முடியாவிட்டால் எனக்கு எழுத வேண்டாம்.

ஐடா


ஜனவரி 24, 1942

அன்புள்ள ஐடாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அழுத்திய அழுத்தலில் காகிதம் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது. பென்சில் பிழைத்ததா?

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். மை உறைந்துவிட்டது. சத்தியமாக, இங்கே மையும் உறைகிறது. இது பென்சில்.

இங்குள்ள குஞ்சுகளுக்கெல்லாம் கண்ணில் நீர் வடிகிற சளி. பறக்கவிட்டால் பாதி வழி தாண்டாது. இன்று சார்ஜென்ட் கூண்டுக்குள் தலையை விட்டார்.

"உன் சீமாட்டி நல்லாத்தான நிக்கறா? திங்கக்கிழமை அவளே போகட்டும்."

"அவளுக்கு வயசாச்சு சார்."

"உனக்குந்தான் ஆச்சு. உன்ன வீட்டுக்கா அனுப்பிட்டேன்?"

ஆக, திங்களன்று எம்லினோடு அவள் போகிறாள். அந்த விமானத்தில் நாலு பேர்.

ஆணியைப் பிடுங்கிவிடு, ஐடா. கோபத்தை என் பேரில் வை, எத்தனை வேண்டுமானாலும் வை. அந்த நாலு பேரும் உனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் வந்தால் நேரே உள்ளே போகமாட்டாள். கூரையில் உட்கார்ந்து பிகு பண்ணுவாள். பிடிக்க ஓடாதே, பறந்துவிடுவாள். பட்டாணி டப்பாவை ஆட்டி விசில் அடி. முன்பல் போனதிலிருந்து உனக்கு விசில் வராது என்று தெரியும். இருந்தாலும் ஊதிப் பார்.

எதுவும் நடக்காமல் எல்லோரும் இங்கேயே திரும்பினால், இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

செப்


ஜனவரி 27, செவ்வாய்

செப்புக்கு,

சீமாட்டி வந்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தை நேற்றே அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. ஆணியையும் பிடுங்கவில்லை. காலையில் கரி அள்ளக் கொல்லைக்குப் போனால் புகைபோக்கி ஓரத்தில் கறுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. காக்கை என்று நினைத்தேன். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தாள், அப்போதுதான் தெரிந்தது. மேலெல்லாம் எண்ணெய், உப்பு. காலில் செய்தி வைக்கிற சின்னக் குழல்.

கரி உடைக்கிற சுத்தியலால் ஆணிகளைப் பிடுங்கினேன். கட்டைவிரல் நகம் போய்விட்டது. கதவு திறந்தும் அவள் இறங்கவில்லை. டப்பாவை ஆட்டினேன். "வாடி மகராசி, வாடி கண்ணு" என்று கெஞ்சினேன். இன்னும் மேலே ஏறிக்கொண்டாள். என் குரலில் அவள் என்ன கேட்டிருக்கிறாள்? நான் கூண்டுப் பக்கம் வந்ததெல்லாம் உங்களைத் திட்டத்தானே.

உள்ளே போனேன். நீங்களும் ராபியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தீனி வைப்பீர்களே, அந்தக் கோட்டு. ஒரு வருஷமாக நான் தொடாமல் ஆணியிலேயே தொங்கியது. போட்டுக்கொண்டேன். தொப்பியையும் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, பல் போன சந்து வழியாக ஊதினேன்.

பக்கத்து வீட்டு மினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏய் ஐடா! உன் வீட்டுக்காரர் எப்படி வந்தாரு? கொல்லையில நிக்கறாரே!"

"நாந்தாண்டி! வாய மூடு!"

மறுபடி ஊதினேன். இறங்கினாள். உங்களை நினைத்து இறங்கினாளோ, அவனை நினைத்து இறங்கினாளோ, நேரே கோட்டுக் கையில் வந்து உட்கார்ந்தாள். நான் அப்படியே நின்று அழுதேன். பிறகு குழலைக் கழற்றிக்கொண்டு, அதே கோலத்தில், போலீஸ்காரர் வீட்டுக்கு ஓடினேன். அதிலிருந்த காகிதத்தை அவர் தொலைபேசியில் தளத்துக்குப் படித்துச் சொன்னார்.

அந்தப் பிள்ளைகள் கிடைத்தார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்றே கதவைத் திறந்து வைத்திருந்தால் அவள் இருட்டும் முன்பே வந்திருப்பாளோ? கூரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ? எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சீமாட்டி அடுப்போரம் இருக்கிறாள். திருப்பி அனுப்பமாட்டேன். உங்கள் சார்ஜென்ட் நேரில் வந்து நின்றாலும் தரமாட்டேன்.

ஐடா


ஜனவரி 30, 1942

அன்புள்ள ஐடாவுக்கு,

மூன்று பேர் உயிரோடு கிடைத்தார்கள். செவ்வாய் மதியம், அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ரப்பர் படகில். எம்லின் இல்லை.

ஆஸ்பத்திரியில் விமானியைப் பார்த்தேன். விமானம் விழுந்தது பொழுது சாயும் நேரத்தில். பெட்டிக்குள் தண்ணீர் ஏறி மற்றப் புறா செத்துவிட்டது. சீமாட்டி தொப்பலாக நனைந்து பறக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். எம்லின் தன் கோட்டையும் சட்டையையும் திறந்து அவளை வெறும் நெஞ்சில் வைத்துக்கொண்டானாம். "டேய், மூடுடா, செத்துருவ" என்று மற்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். "பெருசோட பொண்ணு. நனைஞ்சபடி அனுப்பினா என்னத் தோலுரிப்பாரு" என்று சிரித்தானாம். ராத்திரி முழுக்க வைத்திருந்திருக்கிறான். வெளிச்சம் வந்ததும் அவன்தான் பறக்கவிட்டான். அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆகவே நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே. முந்தின நாள் உன் கதவு திறந்திருந்தாலும் அவள் வந்திருக்கமாட்டாள். காலையில்தான் புறப்பட்டாள். நீ கண்டபோது அப்போதுதான் வந்து உட்கார்ந்திருப்பாள்.

அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிற வேலையைச் சார்ஜென்டிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். அவன் பெயரை எழுதாமல் அவன் அம்மாவுக்கு எப்படி எழுதுவது? எம்லின் என்று எழுதினேன். எழுதியதும் கை நிற்கவில்லை. அடுத்த வரியில் நான் நினைக்காமலே இன்னொரு பெயர் வந்துவிட்டது. எனக்கும் ஒரு பிள்ளை இருந்தான் அம்மா, ராபி என்று பெயர், இதே கடல்தான் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

ராபி. ராபி. ராபி. இப்போது எழுத வருகிறது பார்.

அவனிடமிருந்து ஒரு புறாவும் வரவில்லை, ஐடா. அதனால்தான் இங்கே வந்தேன். உன்னை விட்டு ஓடிவந்தேன் என்றும் சொல்லலாம். இரண்டும்தான்.

அடுத்த மாதம் ஒரு வாரம் விடுப்பு. கொல்லைப் பக்கமாக வருவேன். வந்ததும் உள்ளே நுழைய எனக்குத் தைரியம் இருக்காது, அந்த நாற்காலி இருக்கிறது. கொஞ்ச நேரம் சுவரோரம் நிற்பேன். பிடிக்க ஓடிவராதே. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை ஊது, போதும்.

ராபியின் அப்பா,
செப்