கப்பையில் உருவான கோப்பு

இன்று காலை சாயாவோடு கணினியைத் திறந்தேன். நம் தராசு நிரலின் கோப்பில் முதல் வரியிலேயே நீ இருந்தாய்: "உருவான கணினி: கப்பை." மடிக்கணினிக்கு மரவள்ளிக்கிழங்கின் பெயர் வைத்தவள் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்!

தோப்பும்படியில் மீன் தராசுகளைப் பழுதுபார்க்கும் செல்வண்ணனுக்காக, காக்கநாட்டு அலுவலக வேலை போக ஞாயிறுகளில், மட்டாஞ்சேரியில் உன் வீட்டு மாடியில் நாம் இருவரும் எழுதிய நிரல் அது; தராசோடு பேசி அதன் எடை சரியா என்று பார்க்கும். நாம் கையால் எழுதுவது, எந்தத் தராசு எப்படிப் பேசும் என்ற நாற்பது வரிக் குறிப்பு. அதிலிருந்து ஒரு கருவி நீண்ட கட்டமைப்புக் கோப்பை உருவாக்கும். அது இருந்தால்தான் நிரலை நிறுவ முடியும். அந்தக் கோப்பையும் நீ, நிரலின் எல்லாப் பதிப்புகளும் சேரும் களஞ்சியத்தில் கமிட் செய்து சேர்த்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"மெஷின் எழுதுன குப்பையைச் சேத்து வைப்பாங்களாடீ? வேணும்போது உண்டாக்கிக்கலாமே."

"நீ உண்டாக்கிக்குவே. செல்வண்ணன் கடையில நெட்டும் இல்ல, அந்தக் கருவியும் இல்ல. அவரு உன் ஞாயித்துக்கிழமைக்குக் காத்துக் கிடக்கணுமா?"

அடுத்த மாதமே கடைக் கணினி செத்தது. நாம் தந்திருந்த பென் டிரைவிலிருந்து வேறொன்றில் அவரே நிரலை நிறுவிக்கொண்டார். நம்மை அழைக்கவே இல்லை. நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. குறிப்பு மாறினால் கோப்பும் அதே கமிட்டில் மாறவேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தாய். "பழசு கெடக்குறது இல்லாததைவிட மோசம்" என்பாய்.

நீ போய் எட்டு மாதம். போன வாரம் புதுத் தராசுக்காகக் குறிப்பைத் திருத்தினேன். கோப்பை மட்டும் உருவாக்காமல் விட்டேன். உருவாக்கினால் முதல் வரியில் கப்பை போய் என் கணினியின் பெயர் வந்துவிடும். நேற்று செல்வண்ணன் அழைத்தார்.

"மோளே, புதுத் தராசு வாயே தொறக்க மாட்டேங்குது. அந்தப் புள்ள இருந்தப்ப இப்படி வந்ததில்லையே."

இன்று கருவியை ஓட்டினேன். கப்பை மறைந்தது. அந்த ஒரு வரியை மட்டும் கையால் திருப்பி எழுதியிருக்கலாம். உருவான கோப்பில் கை வைக்கக் கூடாது என்பதும் நீ வைத்த விதிதான். குறிப்பையும் கோப்பையும் ஒரே கமிட்டில் சேர்த்து, பென் டிரைவில் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். பழைய பதிப்புகளில் நீ இருக்கிறாய், தேடினால் கிடைப்பாய்.

மதியம் அழைப்பு வந்தது. "பேசுது மோளே!"

அனுப்பும் முன் நீ சோதித்துப் பார்த்த, செல்வண்ணன் கடையில் போலவே இணையமோ கருவியோ இல்லாத அந்தப் பழைய வெற்றுக் கணினியை உன் அம்மா எனக்குத் தந்துவிட்டார். என் மேசையில் இருக்கிறது. இனி எதை அனுப்பினாலும் முதலில் அதில்தான் நிறுவிப் பார்ப்பேன். அதில் இன்னும் எந்தக் கருவியும் போடவில்லை.